மலைப்பாதையில் போகும் சரக்கு வேகன்: கதவை அடைத்து, பூட்டி, சீல் வைக்க முழுமையான வழிகாட்டி

சரக்கு வேகனின் கதவு வழியில் திறந்துகொண்டது என்றால் எல்லோரும் முதலில் திருடனைத்தான் நினைப்பார்கள். இலங்கை மலையகத்து ரயில் பாதையில் பாதிச் சந்தேகத்தைப் பாதையின் மேலேயே வைக்கலாம். நாவலப்பிட்டிக்கு மேலே ஏற்றம் 44க்கு 1 வரை, அதாவது 44 அடி போனால் 1 அடி ஏறும் அளவுக்குப் போகிறது. கூரான வளைவுகளின் ஆரம் 5 செயின், அதாவது சுமார் 100 மீற்றர். இந்தக் கணக்கைக் கதவுக்குப் போட்டுப் பாருங்கள். 150 கிலோ எடையுள்ள இழுவைக் கதவு ஒன்று அந்தச் சரிவில் நின்றால், அதன் எடையில் கிட்டத்தட்ட மூன்றரை கிலோ கதவைப் பள்ளத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். துருப்பிடித்த தடத்தில் அது ஒன்றுமில்லை என்று தோன்றும். அதோடு பிரேக் போடும் குலுக்கலும், பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்கும் அதிர்ச்சியும், மணிக்கணக்கான நடுக்கமும் சேரும்போது கதவு கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

உள்ளே இருக்கும் சரக்குக்கும் இதே கணக்குத்தான். பத்துத் தொன் ஏற்றியிருந்தால் அதே சரிவில் சுமார் 227 கிலோ பாரம் பள்ளத்துப் பக்கச் சுவரைத் தள்ளும். 100 மீற்றர் வளைவில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால், சரக்கின் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு வெளிப்பக்கத்தைத் தள்ளப் பார்க்கும். வளைவுகளில் வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போட்டிருப்பதால் அதில் ஒரு பகுதி ஈடாகிவிடும். ஆனால் சிக்னலுக்காகக் கோச்சி (ரயில்) அதே வளைவில் நின்றால் சரக்கு உள்பக்கம் சாயும். பக்கவாட்டில் கதவுள்ள வேகன் என்றால் இரண்டு பக்கக் கதவுகளும் மாறி மாறி முட்டுப்படும்.

மலையகத் தேயிலையில் பெரும்பகுதி இன்று லொறியில்தான் கொழும்புக்கு இறங்குகிறது. ஆனாலும் வேகனில் ஏற்றினாலும், பயணிகள் கோச்சியின் பார்சல் பெட்டியில் போட்டாலும், கொள்கலனில் அடைத்தாலும் கதவின் பிரச்சினை ஒன்றுதான். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் வேலை பார்ப்பவர்களுக்கும், மரக்கறி அனுப்பும் வியாபாரிகளுக்கும், நிலையத்தில் சரக்கைப் பொறுப்பேற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மூன்று வேலை, மூன்று பொருள்

கதவில் நாம் மாட்டுகிற இரும்புகளை எல்லாம் "பூட்டு" என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே மூன்று வேலைகள் உண்டு. தாழும், அதைப் பிடிக்கச் செருகும் பின் என்ற இரும்பு ஊசியும் கதவைக் குலுக்கலிலிருந்து காப்பாற்றும். பூட்டு கைவைப்பவனைத் தாமதப்படுத்தும். சீல் யாரையும் தடுக்காது; யாரோ திறந்தார்கள் என்று சொல்லும், அவ்வளவுதான். கொழும்பில் ஈயச் சீல் அறுந்து கிடந்தது என்பதற்காக "சீல் சரியில்லை" என்று திட்டுவது வீண். அது தன் வேலையைச் செய்துவிட்டது.

என் கருத்தில், மலைப்பாதையில் அதிகம் கவனிக்கப்படாதது முதலாவதுதான். நல்ல பூட்டுக்குக் காசு செலவழிப்பார்கள். சீலுக்கு ரெஜிஸ்டர் போடுவார்கள். தாழைப் பிடித்து நிறுத்தும் பின்னுக்குப் பதிலாக வழியில் கிடந்த ஆணியைச் செருகிவிட்டுப் போவார்கள்.

முதல் படி: எந்தக் கதவு என்று பாருங்கள்

இழுவைக் கதவு மேலேயும் கீழேயும் உள்ள தடத்தில் ஓடும். மூடியதும் கதவின் ஓரத்தில் உள்ள கொண்டி, வேகன் உடம்பில் இருக்கும் வளையத்தின் மேல் விழும். அதற்குள் பின் போகும். இதன் பலவீனம் கொண்டி மட்டுமில்லை. கீழ்ப்பக்க வழிகாட்டித் துண்டு தேய்ந்திருந்தால் கொண்டியைத் தொடாமலே கடப்பாரையால் கதவின் அடியைத் தூக்கி வெளியே இழுத்துவிடலாம்.

இரட்டைக் கீல் கதவு இரண்டு இலையாக வெளிப்பக்கம் திறக்கும். இங்கே கீலின் ஊசியைப் பாருங்கள். ஊசியின் தலை தட்டி அகலமாக்கப்பட்டோ வெல்ட் வைக்கப்பட்டோ இருக்க வேண்டும். உருவி எடுக்கக்கூடிய ஊசி இருந்தால் முன்னால் எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை. இந்த வகை மலைப்பாதையில் இன்னொரு காரணத்துக்காகவும் ஆபத்தானது. நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உள்ள பாதையில் வெளிப்பக்கம் ஆடும் இலை ஒன்று சுரங்கச் சுவரில் மோதலாம். நிலையத்தில் எதிர்க் கோச்சி கடக்கும்போது அதன் வாசற்படியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. எல்ல ஊர்ப் பக்கம் கோச்சியில் போனவர்களுக்கு அந்த வாசற்படி எப்படி நிறைந்திருக்கும் என்று தெரியும்.

கொள்கலனுக்குப் பின்பக்கம் இரண்டு இலை. இலைக்கு இரண்டாக நான்கு நிற்கும் கம்பிகள் இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் கம்பியின் இரு நுனிகளிலும் உள்ள கேம் என்ற கொக்கி மேலும் கீழும் உள்ள பிடிக்குள் போய் உட்காரும். வலது இலை இடது இலையின் ஓரத்தின் மேல் படியும். அதனால் முதலில் திறப்பதும் கடைசியில் மூடுவதும் வலது இலைதான். சீல் வலது இலைக்கு வருவதும் இதனால்தான்.

பக்கம் மடங்கி விழும் திறந்த வேகன்களில் விறகு, மணல், இரும்பு போன்றவை போகும். அங்கே சீலுக்கு வேலையில்லை. பக்கப் பலகையைப் பிடிக்கும் பின்னும், அது கழறாமல் இரண்டு காலை மடக்கிப் போடும் கொட்டர் பின்னும் சரியாக இருந்தால் போதும். எண்ணெய்த் தாங்கி வேகன் என்றால் மேலே உள்ள மூடிக்கும் அடியிலுள்ள வால்வுக்கும் தனித்தனிச் சீல் வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: வெறும் வேகனில் செய்ய வேண்டியவை

மூட்டை ஒன்றுகூட ஏறாதபோதுதான் குறைகள் தெரியும். அதற்கும் முன்னால் ஒரு விஷயம். வேகனின் கை பிரேக் போட்டிருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா என்று நிலையத்தாரைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் பக்கத் தண்டவாளமும் லேசாகச் சரிந்திருக்கலாம்.

பிறகு மேடைக்கு எதிர்ப்பக்கக் கதவு. மூடிய வேகனுக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு. நாம் நிற்பது மேடைப் பக்கம், மூட்டை ஏறுவது அங்கே, புகைப்படம் எடுப்பதும் அங்கே. எதிர்ப்பக்கக் கதவை யாரும் பார்ப்பதில்லை. கதவு மூடியிருப்பதை உள்ளிருந்து பார்த்துவிட்டு "அடைச்சிருக்கு ஐயா" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே எதிர்ப்பக்கத்தை ஏற்றுவதற்கு முன்பே பூட்டிச் சீல் வையுங்கள். அந்தப் பக்கம் இன்னொரு தண்டவாளம் ஓடினால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி அவர் சரி என்ற பிறகே இறங்க வேண்டும். "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று குறுக்கே போவது கூடாது.

அடுத்து கதவின் இரும்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். கொண்டியைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளில் ஒன்று மட்டும் போல்ட்டாக மாறியிருக்கிறதா? ஒரு ரிவெட்டின் மேல் மட்டும் புதுப் பெயின்ட் பளபளக்கிறதா? நட்டின் மூலைகளில் ஸ்பேனர் பிடித்த வெள்ளைக் கீறல் இருக்கிறதா? சீலைத் தொடாமல் கதவைத் திறக்கிறவன் கழற்றுவது இந்த இடங்களைத்தான். கொள்கலனிலும் அப்படியே. கைப்பிடியைக் கம்பியோடு சேர்க்கும் ரிவெட்டை எடுத்துவிட்டால் சீல் முழுசாக இருக்கும்போதே கம்பி சுற்றும்.

கொள்கலனுக்கு ஏழு இடம் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு: முன்சுவர், இடச்சுவர், வலச்சுவர், தரை, கூரை, கதவின் உள்ளும் புறமும், அடிச்சட்டம். மூடிய வேகனுக்கும் இதையே பயன்படுத்தலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் வரும் ஓட்டை எல்லாம் மழை வரும் ஓட்டை. தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் பக்கத்தை நனைக்கும். வடகீழ்க் காற்று ஊவாவைப் பிடித்துக்கொள்ளும். ஒரே பாதையில் இரண்டு மழைக்காலம் என்பதால் ஓட்டையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

மூன்றாம் படி: சரக்கு கதவில் சாயக்கூடாது

கதவு சுவர் இல்லை. இதை ஏற்றுகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். இடம் மிச்சமாகிறதே என்று மூட்டையைக் கதவு வரைக்கும் அடுக்குவார்கள்.

தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டியில் போன காலத்தில் இது அவ்வளவு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. உள்ளே உலோகத் தாளும் ஓரங்களில் தகரமும் அடித்த பெட்டி விறைப்பாக நிற்கும். குலுங்கினாலும் உருவம் மாறாது. இப்போதைய காகிதப் பை அப்படியில்லை. நடுக்கத்தில் உள்ளே தூள் இறங்கும், பை தொப்பை போடும், அடுக்கு மெல்ல வெளிப்பக்கம் தள்ளும். ஏற்றும்போது கதவுக்கும் பைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும், இறங்கும் இடத்தில் கதவு உட்பக்கமிருந்து முட்டுப்பட்டு நிற்கலாம். பிறகு கொண்டியைத் தூக்கவே இருவர் வேண்டும். தூக்கியதும் மேல் பை தலையில் விழும்.

செய்ய வேண்டியது இதுதான். கதவு வாசலுக்கு நேரே வரும் அடுக்குகளைச் செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றிப் பிணைத்து அடுக்குங்கள். மேலே போகப் போக அரைப் பை உள்ளே தள்ளிப் படி விட்டு ஏற்றுங்கள். வாசலின் குறுக்கே உட்புறத்தில் பலகை கொடுங்கள். பலகையின் இரு நுனியும் கதவின் மேல் அல்ல, வேகனின் நிலைக்கால்களின் மேல் தாங்க வேண்டும். பலகைக்கு வழியில்லை என்றால் அகலமான நாடாவைக் குறுக்கே இழுத்துக் கட்டலாம். நைலோன் கயிறு நனைந்தால் தளரும், நம்ப வேண்டாம்.

நுவரெலியா மரக்கறிக்கு வேறு தொல்லை. கரட், லீக்ஸ், கோவா எல்லாம் மூச்சு விடும், காற்றோட்டம் வேண்டும். அதற்காகக் கதவை நான்கு விரல் திறந்து வைத்துக் கம்பியால் கட்டி அனுப்புவது வழக்கமாகவே ஆகிவிட்டது. இது மோசமான வழக்கம். திறந்த நிலையில் கொண்டி எதையும் பிடிக்கவில்லை. நகரப் பார்க்கும் கதவை ஒரு மெல்லிய கம்பி மட்டும்தான் பிடித்திருக்கிறது. காற்று வேண்டுமானால் காற்றுத் துவாரமுள்ள பெட்டியைக் கேளுங்கள். இல்லையென்றால் இரவுக் குளிரில் அனுப்புங்கள்.

நான்காம் படி: கதவை அடைப்பது

இழுவைக் கதவைத் தள்ளும்போது கதவுக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். தடத்திலிருந்து நழுவினால் கதவு வெளிப்பக்கம்தான் விழும். ஃபோர்க்லிஃப்டின் முள்ளால் தள்ளுவதும் வேண்டாம். கதவு கோணினால் அன்றைக்கு மூடும், அடுத்த தடவை மூடாது. தடத்தில் கல்லோ தேயிலைத் தூளின் கட்டியோ இருக்கிறதா என்று முதலில் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

முழுதாக மூடியபின் கதவின் முன்னோரத்தையும் பின்னோரத்தையும் பாருங்கள். பெரும்பாலோர் கொண்டி உள்ள ஓரத்தை மட்டும் பார்ப்பார்கள். பின்னோரத்தில் விரல் நுழையும் சந்து இருந்தால் கடப்பாரையும் நுழையும்.

கொள்கலனில் முதலில் இடது இலை. இரண்டு கம்பியின் கேமும் பிடிக்குள் முழுசாகப் போனதா என்று மேலே அண்ணாந்தும் கீழே குனிந்தும் பார்க்க வேண்டும். கீழ் நுனி உட்கார்ந்து மேல் நுனி வெளியே நிற்பது சாதாரணமாக நடக்கும். பிறகு வலது இலை. ரப்பர் ஓரம் மடிந்து உள்ளே போனால் மழை வரும், இழுத்துச் சரிசெய்யுங்கள். கைப்பிடியை உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினால்தான் மூடுகிறது என்றால் எங்கோ தவறு. சரக்கு தள்ளுகிறது, அல்லது சட்டம் கோணியிருக்கிறது. அந்தக் கைப்பிடி திறக்கும்போது திருப்பி அடிக்கும்.

ஐந்தாம் படி: தாழும் பின்னும்

மலைப்பாதையில் உயிர்நாடி இங்கேதான்.

பின் எப்போதும் மேலிருந்து கீழே போக வேண்டும். கீழிருந்து மேலே செருகிய பின்னைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டுமே. நடுக்கம் அதை இறக்கிவிடும். மேலிருந்து போட்ட பின்னுக்கும் கீழே ஒரு தடை வேண்டும். அதுதான் கொட்டர் பின். அதன் இரண்டு காலையும் எதிர் எதிராக நன்றாக மடக்குங்கள். ஒரு காலை மட்டும் லேசாக வளைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒருமுறை நிமிர்த்திய கொட்டர் பின்னை மறுபடி போடக்கூடாது. மடிந்த இடத்தில் அது ஏற்கெனவே பாதி உடைந்திருக்கும். பின்னின் விட்டம் ஓட்டைக்குப் பொருந்த வேண்டும். ஆணியும் வெல்டிங் கம்பித் துண்டும் ஓட்டைக்குள் ஆடும். ஆடும் இரும்பு ஓட்டையையே அகலமாக்கும்.

சிலர் "பள்ளத்துப் பக்கம் கொண்டி வராமல் வேகனைத் திருப்பி நிறுத்தினால் போதும்" என்று சொல்வார்கள். ஹட்டனிலிருந்து கொழும்பு நோக்கி இறங்கும் வேகனுக்கு அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பண்டாரவளையில் ஏற்றிய வேகனுக்கு அது பொருந்தாது. முதலில் பட்டிப்பொல வரை ஏறும். 6,226 அடி உயரத்தில் உள்ள அந்த நிலையம்தான் நாட்டிலேயே உயரமானது. அதைத் தாண்டியதும் இறக்கம். ஒரே பயணத்தில் கதவு முதலில் பின்பக்கமும் பிறகு முன்பக்கமும் இழுக்கப்படும். இரண்டு திசைக்கும் தாங்குமாறு அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆறாம் படி: பூட்டு

கொண்டியின் ஓட்டைக்குள் நெருக்கமாக உட்காரும் தடித்த வளையமுள்ள பூட்டு வேண்டும். வளையத்தின் பெரும்பகுதியை உடம்பே மூடியிருக்கும் வகை நல்லது; வெட்டுக் கத்தரிக்கு வாய் வைக்க இடம் கிடைக்காது. நீளமான வளையமுள்ள பூட்டு குலுங்கிக் குலுங்கிக் கொண்டியைத் தேய்க்கும், கம்பி செருகி நெம்பவும் வசதி. சாவித் துவாரம் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். மூடுபனித் தண்ணீர் உள்ளே இறங்காது.

சாவி அதே கோச்சியில் போகக்கூடாது. ஒரே சாவிக்கு எல்லாப் பூட்டும் திறக்கும்படி வாங்குவது வசதியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சாவி தொலைந்தால் அத்தனை பூட்டையும் மாற்ற வேண்டும். பூட்டு பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. பூட்டு எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதி கொண்டிக்கும் இருக்க வேண்டும். மெல்லிய தகரக் கொண்டியில் விலை உயர்ந்த பூட்டு காசுக்குக் கேடு.

ஏழாம் படி: சீல் வைப்பது

கொள்கலன் சீல்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17712 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அது சீல்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. வெறும் அடையாளத்துக்கானது, நடுத்தரப் பாதுகாப்பு, உயர் பாதுகாப்பு. உயர் வகுப்புச் சீல் குறைந்தது 10 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய ஒரு தொன் எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். நடு வகுப்புக்கு 2.27 கிலோநியூட்டன், சுமார் 230 கிலோ. பிளாஸ்டிக் பட்டைச் சீல் அதற்கும் கீழே. ஏற்றுமதிக் கொள்கலனுக்குப் பொதுவாகக் கேட்பது உயர் வகுப்பு. உள்நாட்டுக்குள் ஓடும் வேகனுக்கு என்ன வகை என்பதை அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஈயச் சீல் பழைய முறை. இரண்டு இழைக் கம்பியைக் கொண்டியின் வளையத்தில் விட்டு, முறுக்கி, ஈயக் குண்டின் ஓட்டையில் நுழைத்து, எழுத்துப் பொறித்த குறட்டால் அமுக்குவது. மலிவு, நடுக்கத்துக்கு அஞ்சாது. ஆனால் கம்பியைத் தளர்வாக விட்டால் ஈயத்திலிருந்து உருவி மறுபடி செருகலாம். கம்பி இறுக்கமாக இருக்கட்டும், குண்டு கொண்டியோடு ஒட்டி இருக்கட்டும், எழுத்து இரண்டு முகத்திலும் தெளிவாக விழட்டும். குறடு மேசையில் கிடந்தால் சீலுக்கு அர்த்தமே இல்லை. அதைக் காசுப்பெட்டிக்குள் வைக்கும் பொருளாக நினையுங்கள்.

போல்ட் சீலில் ஒரு தடித்த ஊசியும் ஒரு தலையும் இருக்கும். ஊசியைக் கொண்டியில் செருகித் தலையை "டக்" என்று சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும். ஊசியிலும் தலையிலும் ஒரே எண் இருக்கிறதா என்று போடுவதற்கு முன்பே பாருங்கள். வித்தியாசமான எண்ணுள்ள துண்டுகளை இணைத்துவிட்டால் பிறகு எந்த விசாரணையிலும் பதில் சொல்ல முடியாது.

கேபிள் சீலில் எஃகு வடம் தலைக்குள் ஒரு திசையில் மட்டும் ஓடும். நல்ல வடத்தை வெட்டியதும் நுனி இழை இழையாகப் பிரிந்துவிடும், திரும்ப நுழையாது. மலைப்பாதையில் எனக்கு இதுவே பிடிக்கும். காரணம், இறுக்கி இழுத்தால் ஆட்டம் இல்லாமல் நிற்கும். போல்ட் சீல் பெரிய ஓட்டைக்குள் ஆடிக்கொண்டே வரும். கொள்கலனில் இன்னொரு பயன் உண்டு. நடுவில் உள்ள இரண்டு கம்பிகளையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினால், கைப்பிடியின் ரிவெட்டைக் கழற்றும் தந்திரம் பலிக்காது.

எந்தச் சீலானாலும் போட்டு முடிந்ததும் நான்கு சோதனை. பார்ப்பது: விரிசல், கீறல், பசை தடவிய அடையாளம் இருக்கிறதா? ஒப்பிடுவது: எண் ரெஜிஸ்டரோடு (திறக்கும் இடத்தில் காகிதத்தோடு) பொருந்துகிறதா? இழுப்பது: கையால் பலமாக ஒருமுறை. திருகுவது: இரண்டு பக்கமும். மறை வெட்டி மாற்றிய போல்ட் சீல் திருகும்போது கழன்று வரும். சீல் போட்டவரே கடைசிச் சோதனையும் செய்யாமல் இன்னொருவர் செய்தால் நல்லது.

எட்டாம் படி: எழுதி வைப்பது

சீலின் எண்ணைச் சீல் போட்ட பிறகே காகிதத்தில் எழுதுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று காலையிலேயே நான்கு வேகனுக்கும் எண்ணை எழுதிவைத்தால், மாலையில் மாறிப்போகும். எழுத வேண்டியவை: வேகன் எண், இரண்டு பக்கக் கதவின் சீல் எண், தேதி, நேரம், போட்டவர் பெயர், பார்த்தவர் பெயர், மூட்டைக் கணக்கு. தேயிலை என்றால் தோட்டத்து மார்க், இன்வொய்ஸ் எண், தரம். படம் எடுக்கும்போது வேகன் எண்ணும் சீலும் ஒரே படத்தில் வரும்படி தள்ளி நின்று ஒன்று, சீலின் எண் வாசிக்கும்படி கிட்ட நின்று ஒன்று.

அந்த எண் பெறுபவருக்கு வேறு வழியில் போக வேண்டும். சரக்கோடு போகிற காகிதத்தில் மட்டும் இருந்தால், சீலை மாற்றுகிறவன் காகிதத்தையும் மாற்றுவான். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

மிச்சச் சீல்கள் பூட்டி வைக்கப்பட வேண்டும், எண் வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். பழுதான சீலையும் ரெஜிஸ்டரில் "பழுது" என்று எழுதி வைத்திருங்கள். காணாமல் போன எண் ஒன்று இருந்தால் அது எங்கோ ஒரு வேகனில் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு மூட்டையை மட்டும் எண்ணாமல் விடாதீர்கள். சீல் முழுசாக இருந்து கொழும்பில் ஐந்து பை குறைந்தால், சந்தேகம் வழியில் உள்ளவர்கள் மேல் விழாது. ஏற்றிய இடத்துக்கே திரும்பி வரும். சீல் வைப்பவர் தானே எண்ணியிருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஒன்பதாம் படி: வழியில்

எதிர்க் கோச்சிக்கு வழிவிடும் கிராசிங்குக்காகக் கோச்சி நிற்கும் நிலையங்களில் வேகனை ஒரு சுற்றுப் பார்க்க முடிந்தால், பார்க்க வேண்டியது சீலை அல்ல, பின்னை. பட்டிப்பொலவுக்குப் பிறகு ஒருமுறை, நாவலப்பிட்டியில் ஒருமுறை, கடுகண்ணாவைச் சரிவில் இறங்கி றம்புக்கணையை அடைந்ததும் ஒருமுறை. கோச்சியோடு போகும் கார்டிடம் முன்பே சொல்லி வைத்தால் டோர்ச் அடித்துப் பார்த்துவிடுவார்.

வழியில் அதிகாரிகள் திறக்க நேர்ந்தால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. வெட்டிய சீலைக் கேட்டு வாங்கி வையுங்கள். யார் திறந்தார், எங்கே, எத்தனை மணிக்கு, புதிய சீலின் எண் என்ன என்று அதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பத்தாம் படி: திறக்கும் இடத்தில்

வெட்டுவதற்கு முன் நான்கு சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். எண் பொருந்தவில்லை, கொண்டியில் புதுக் கீறல், கதவின் அடியில் நெளிவு, இதில் ஏதாவது இருந்தால் கத்தரியைக் கீழே வையுங்கள். முதலில் படம். பிறகு அனுப்பியவருக்குத் தொலைபேசி. பிறகு கொண்டுவந்தவரின் ஆளும் நின்று பார்க்கக் கூட்டாகத் திறப்பது. குறைவை ரசீதில் எழுதிய பிறகே கையெழுத்து. கையெழுத்துப் போட்டுவிட்டு "அண்ணே, அஞ்சு பை கொறையுதே" என்றால் அண்ணன் சிரிப்பார்.

போல்ட் சீலை வெட்டும்போது கண்ணாடி போடுங்கள், துண்டு தெறிக்கும். வெட்டியதும் பாரத்தை எதிர்பார்த்துத் திறவுங்கள். கொள்கலனின் வலது இலையை முழுக்க இழுக்காமல் ஒரு கையகலம் மட்டும் திறந்து, இலையின் பின்னால் நின்று, சரக்கு சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மலையிறங்கி வந்த சரக்கு ஏற்றிய இடத்தில் இருந்தபடி இருக்காது. இழுவைக் கதவு இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காமல், எதிர்ப்பக்கக் கதவால் உள்ளே பார்த்து முட்டுவது எது என்று கண்டுபிடியுங்கள்.

கதவைப் பராமரிக்க

துரு கீழ்த் தடத்தில்தான் தொடங்கும். தண்ணீர் அங்கே தேங்கும். வடிகால் ஓட்டை அடைபட்டிருந்தால் ஒரு மழைக்காலம் போதும். தட்டித் துடைத்துக் காயவைத்த பிறகே எண்ணெய். ஆனால் தேயிலை போகும் வேகனுக்கு மண்ணெண்ணெய், டீசல், கடும் வாசனையுள்ள கிறீஸ் எதுவும் வேண்டாம். தேயிலை பக்கத்தில் உள்ள எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஏலத்துக்கு முன் சுவை பார்ப்பவர் நாக்கு அதைக் கண்டுபிடிக்கும், விலை அங்கேயே இறங்கும். தடத்துக்கும் பூட்டுக்கும் உலர்ந்த கிராஃபைட் தூள் போதும், தூசியும் ஒட்டாது.

உருளைகள் சுற்றுகின்றனவா இழுபடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த உருளை, கதவைக் கோணலாக நிறுத்தும், கொண்டி வளையத்தில் சரியாக விழாது, பின் போகாது, யாரோ ஆணியைத் தேடுவார்கள். பின்னைக் கதவோடு கட்டும் சங்கிலி அறுந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். வெட்டிய சீல் துண்டுகளை எண்ணோடு ஒரு பையில் போட்டு, அந்தச் சரக்கின் கணக்கு முடிந்து பணம் வரும் வரை ஸ்டோரிலேயே வைத்திருங்கள்.